கருப்பை வெறும் நிலமா?

கருத்தரிப்பைப் பற்றி நம்மிடையே நிலைத்துவிட்ட உவமை ஒன்று உண்டு: ஆண் தருவது விதை, பெண் தாங்குவது நிலம். விதை நல்லதாகவும் நிலம் பதமாகவும் இருந்தால் முளைக்கும்; முளைக்காவிட்டால் இரண்டில் ஏதோ ஒன்றில் குறை. கருவியல் எவ்வளவோ வளர்ந்த பிறகும், மருத்துவமனையில் முடிவுக்காகக் காத்திருக்கும்போது படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி எல்லோர் மனத்திலும் ஓடுவது இந்த உவமைதான். ஆனால் கரு கருப்பையில் பதிகிற அந்தச் சில நாட்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்த உவமை எவ்வளவை மறைக்கிறது, அதனால் பெண்கள் எவ்வளவு பழியைச் சுமக்கிறார்கள் என்ற எண்ணம் என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது.

உறுத்தலுக்குக் காரணம் ஒரு தொலைபேசி உரையாடல். எனக்குத் தங்கை முறையாகிற ஒருத்திக்குச் சோதனைக்குழாய் முறையில் உருவான கருவைக் கருப்பைக்குள் வைத்திருந்தார்கள். இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று மாலை அழைத்தாள். அழவில்லை, தெளிவான குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, மூணாவது நாள் நான் மாடி ஏறினேன். அதனாலதான் ஒட்டாமப் போயிடுச்சா?" கரு பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது என்று அவளுடைய மருத்துவர் சொல்லியிருந்தார். கரு நன்றாக இருந்தது என்றால் குறை தன் உடலில்தானே என்பது அவள் போட்ட கணக்கு. வீட்டில் இருந்தவர்களும் வாய்விட்டுச் சொல்லாமல் அதே கணக்கைத்தான் போட்டிருந்தார்கள். மாடிப்படிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று அவளிடம் உடனே சொன்னேன். கருப்பையின் உட்பக்கச் சுவர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. நடந்தால், படி ஏறினால், இருமினால் கரு நழுவி விழுவதற்கு அங்கே வெற்றிடம் கிடையாது. கரு வைத்த பிறகு படுத்தே இருப்பதால் பயன் உண்டா என்று முறையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளும் பயன் எதையும் காணவில்லை. ஆனால், அப்படியென்றால் என்னதான் நடந்தது என்று அவள் கேட்ட அடுத்த கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல இயலவில்லை.

ஆறாம் நாளிலிருந்து

கருமுட்டையும் விந்தணுவும் சேர்வது கருப்பையில் அல்ல, கருக்குழாயின் அகன்ற பகுதியில். அங்கிருந்து கருப்பையை அடைய மூன்று, நான்கு நாட்கள் ஆகும். அந்த வழியிலேயே செல்கள் பிளந்து பெருகுகின்றன. ஐந்தாம் நாள் வாக்கில் அது பிளாஸ்டோசிஸ்ட் என்ற நிலையை அடைகிறது. உள்ளே திரவம், ஒரு பக்கமாக ஒதுங்கிய சிறு செல்திரள், எல்லாவற்றையும் சூழ்ந்த ஒற்றை அடுக்குச் செல்கள். உள்ளே இருக்கும் திரளிலிருந்துதான் குழந்தை உருவாகும். வெளி அடுக்கான டிரோபோபிளாஸ்ட் நஞ்சுக்கொடியாக மாறும். இவ்வளவும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அகலத்துக்குள் அடங்கியிருக்கிறது. முட்டையைச் சுற்றி ஆரம்பத்திலிருந்தே இருக்கும் ஜோனா பெலுசிடா என்ற உறையைக் கிழித்துக்கொண்டு கரு வெளியே வர வேண்டும். வந்தால்தான் எதிலும் ஒட்ட முடியும். வழியில் கருக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டுவிடாமல் அதுவரை காத்தது அந்த உறைதான்.

ஆறாம், ஏழாம் நாளில், உட்திரள் இருக்கும் பக்கம் முன்னே வரும்படி கரு கருப்பையின் உட்படலத்தைத் தொடுகிறது. அதன் பிறகு நடப்பதை 'ஒட்டுதல்' என்று சொல்வது மிகவும் குறைத்துச் சொல்வதாகும். கருவின் வெளி அடுக்குச் செல்கள் தம் எல்லைகளைக் கரைத்துக்கொண்டு, பல உட்கருக்கள் கொண்ட ஒரே திரளாக இணைந்து, நொதிகளைச் சுரந்து படலத்துக்குள் புகுகின்றன. இப்படிச் செல்கள் இணைய உதவும் புரதங்களில் ஒன்றான சின்சைட்டின், 25 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே நம் மூதாதையரின் மரபணுத் தொகுதிக்குள் நுழைந்துவிட்ட ஒரு வைரஸின் மேலுறைப் புரதம் என்பது 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் தெரியவந்தது. செல்லுக்குள் நுழைய ஒரு வைரஸ் பயன்படுத்திய கருவி, இன்று ஒவ்வொரு மனிதக் கருவும் தாயின் உடலில் வேரூன்ற உதவுகிறது. இதைப் படித்த அன்று அதற்கு மேல் வேறெதையும் என்னால் படிக்க இயலவில்லை.

பன்னிரண்டாம் நாள் அளவில் கரு முழுதாகப் படலத்துக்குள் புதைந்து, அது நுழைந்த இடமும் மேலே மூடிக்கொள்கிறது. எல்லாப் பாலூட்டிகளிலும் இப்படி நடப்பதில்லை. பசுவிலும் பன்றியிலும் கரு கருப்பையின் உள்வெளியிலேயே இருந்துகொண்டு சுவரை ஒட்டி வளர்கிறது. அது இப்படித் துளைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. மனிதக் கரு, அறியப்பட்டவற்றுள் மிக ஆழமாக ஊடுருவுகிறவற்றில் ஒன்று. இந்த ஆழத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போவதெல்லாம் இதைச் சார்ந்தே இருக்கிறது.

இந்த நாட்களை யார், எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. ஆர்தர் ஹெர்டிக், ஜான் ராக் என்ற இரு மருத்துவர்கள் 1938 முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில், கருப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு வந்த சுமார் 210 பெண்களிடமிருந்து 34 கருக்களைச் சேகரித்தார்கள். அறுவைக்கு முன் உடலுறவு கொண்ட நாட்களைக் குறித்து வைக்கும்படி அந்தப் பெண்கள் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தார்கள். முதல் இரண்டரை வாரக் கருவைப் பற்றிய நம் பாடநூல் படங்கள் பலவற்றின் மூலம் அந்தப் பெண்களின் உடல்களே. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அத்தகைய ஆய்வுக்கு அனுமதி தராது. அந்தப் பெண்களின் பெயர்கள் அந்தப் பாடநூல்களில் இல்லை. அந்த 34 கருக்களிலும் கணிசமானவை இயல்பாக வளராதவை என்பதும் அப்போதே பதிவாகியிருந்தது. அதாவது, தொடங்குகிற கருக்களில் பல தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன என்பதை மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கு மேலாக அறிந்திருந்தது. வீடுகளுக்குத்தான் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

தாமதத்தின் விலை

பதிந்த கரு வெளியிடும் முதல் அடையாளம் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். சினைப்பையில் கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற திசு இரண்டு வாரத்தில் சுருங்கி அழிய வேண்டியது, எச்.சி.ஜி. அதைத் தொடர்ந்து உயிரோடு வைத்து, உட்படலத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. கருத்தரிப்பு உறுதிப் பரிசோதனை எல்லாமே இந்த ஹார்மோனைத்தான் தேடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸும் அவருடைய குழுவினரும் கருத்தரிக்க முயன்றுகொண்டிருந்த 221 பெண்களின் சிறுநீரில் இதை நாள்தோறும் அளந்தார்கள். 1988-இல் வெளியான முடிவின்படி, தொடங்கிய 198 கர்ப்பங்களில் 22 விழுக்காடு, மருத்துவ முறையில் கர்ப்பம் என்று தெரிய வருமுன்னரே முடிந்துவிட்டன. அவற்றுக்குப் பின் நேர்ந்தவற்றையும் சேர்த்தால் இழப்பு 31 விழுக்காடு. இவர்கள் நோயாளிகள் அல்லர், சிகிச்சைக்கு வந்தவர்களும் அல்லர். நலமாக இருந்த சாதாரணப் பெண்கள்.

அதே பெண்களின் தரவுகளிலிருந்து 1999-இல் இன்னொரு செய்தி வந்தது. நிலைத்த கர்ப்பங்களில் 84 விழுக்காட்டில், கருமுட்டை வெளியான பின் 8, 9 அல்லது 10-ஆம் நாளில் கரு பதிந்திருந்தது. 9-ஆம் நாளுக்குள் பதிந்தவற்றில் தொடக்க இழப்பு 13 விழுக்காடு. 10-ஆம் நாளில் 26. 11-ஆம் நாளில் 52. அதற்குப் பின் பதிந்தவற்றில் 82. இந்த ஏறுமுகத்தைப் பார்த்ததும் நமக்குத் தோன்றுவது, தாமதம்தான் கருவை அழித்தது என்பது. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் குறையுள்ள கரு மெதுவாக வளர்வதால் தாமதமாகவும் வந்திருக்கலாம். தாமதமாக வந்த கருவை ஏற்காத நிலைக்கு உட்படலம் அதற்குள் மாறியும் இருக்கலாம். இரண்டாவது சாத்தியத்தில் உட்படலம் ஏதோ ஒன்றைத் தானாகச் செய்கிறது. நிலம் அப்படி எதையும் செய்வதில்லை.

காத்திருக்காத உட்படலம்

என் எண்ணத்தைத் திருப்பியது இந்த இடம்தான். எலியின் கருப்பையில் உட்படலம் கர்ப்பத்துக்கு உரிய மாற்றத்தைத் தொடங்குவதற்குக் கரு வந்து தொட வேண்டும். மனிதரில் அப்படி இல்லை. ஒவ்வொரு மாதமும், கரு இருக்கிறதா இல்லையா என்று பாராமல், புரோஜெஸ்டிரோனின் தூண்டுதலால் படலத்தின் உட்திசுச் செல்கள் தாமாகவே மாறத் தொடங்குகின்றன. ஒடுங்கி நீண்டிருந்த செல்கள் உருண்டு பருத்து, புதிய புரதங்களைச் சுரந்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சிறப்புச் செல்களை அருகே திரட்டுகின்றன. இந்த மாற்றத்துக்கு டெசிடுவல் மாற்றம் என்று பெயர். கரு வராவிட்டால் புரோஜெஸ்டிரோன் இறங்குகிறது. இவ்வளவு தூரம் மாறிவிட்ட திசு பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் உதிர்கிறது. மாதவிடாய் என்பது அதுதான். மாதவிடாய் வருகிற பாலூட்டிகள் மிகக் குறைவு: மனிதர், வாலில்லாக் குரங்குகள், சில குரங்கினங்கள், சில வௌவால்கள், யானை மூஞ்சூறு, அண்மையில் கண்டறியப்பட்ட, முள்மயிர் கொண்ட ஒருவகைச் சுண்டெலி. ஏன் இந்தச் சிலவற்றில் மட்டும் உட்படலம் கரு வருமுன்பே தயாராகிறது?

வரவேற்பதற்காக என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் கருப்பைக்கு வெளியே நடப்பதைப் பார்த்தால் அந்த விடை நிற்பதில்லை. நூற்றுக்கு ஒன்று, இரண்டு கர்ப்பங்களில் கரு தவறான இடத்தில், பெரும்பாலும் கருக்குழாயில், பதிகிறது. அங்கே எந்தத் தயாரிப்பும் இல்லை. இருந்தும் அது குழாயைத் துளைத்து வளர்கிறது, தாயின் உயிருக்கே ஆபத்தாகிறது. முன்பு அறுவை செய்து குழந்தை எடுத்த தழும்பின் மேல், டெசிடுவல் அடுக்கு சரியாக உருவாகாத இடத்தில், கரு பதிந்தால் நஞ்சுக்கொடி தசைக்குள்ளேயே ஊடுருவிப் பிரிய மறுக்கிறது. பிரசவத்தில் கடும் இரத்தப்போக்கு நேர்கிறது. 2016-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் மனிதக் கருவைத் தாயின் திசு எதுவுமே இல்லாமல் ஆய்வகத் தட்டில் 12, 13 நாள் வரை வளர்த்தன. தட்டிலேயே அது ஒட்டிக்கொண்டு தன் அடுக்குகளை அமைத்துக்கொண்டது. பதிவதற்குக் கருவுக்கு ஊக்கம் தேவைப்படுவதில்லை என்பதை இவையெல்லாம் காட்டுகின்றன. கட்டுப்பாடு வேண்டியிருப்பது அதன் ஊடுருவலுக்கு. உட்படலம் அந்த வேலையைத்தான் செய்கிறது: ஒரு குறுகிய காலத்தில் மட்டும், ஓர் அளவுக்கு மட்டும், அனுமதிக்கிறது. ஆழம் மிகுந்தால் தழும்பில் நேர்வது போன்ற ஆபத்து. ஆழம் குறைந்து, நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தரும் தாயின் சுருள் தமனிகள் சரியாக விரியாமல் போனால், பல மாதங்கள் கழித்து இரத்த அழுத்தம் ஏறும் பிரீஎக்ளாம்ப்சியா. தாய்க்கும் கருவுக்கும் நலன்கள் முழுவதும் ஒன்றல்ல என்று பரிணாம உயிரியலாளர் டேவிட் ஹெய்க் 1993-இல் எழுதியபோது பலருக்கு அது கசந்திருக்கக்கூடும். எனக்கு அதில் கசப்பு தெரியவில்லை. இரு உயிர்களும் பிழைக்க வேண்டும் என்றால் இருவருக்கும் இடையே ஓர் எல்லை இருந்தே ஆக வேண்டும்.

உட்படலம் அளவைக் கட்டுப்படுத்துவதோடு நிற்கிறதா, அல்லது கருக்களுக்கிடையே வேறுபாடும் பார்க்கிறதா? இங்கிலாந்தின் யான் பிரோசென்ஸ், நெதர்லாந்திலும் பின்னர் இங்கிலாந்திலும் பணியாற்றிய நிக் மேக்லான் ஆகியோரும் அவர்களோடு உழைத்தவர்களும் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான ஒரு சோதனையை நான் பலமுறை படித்தேன். பெண்களின் உட்படலத்திலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றின் நடுவே ஓர் இடைவெளியை உண்டாக்கி, அதில் கருவை வைத்து, செல்கள் அதை நோக்கி நகர்கின்றனவா என்று பார்த்தார்கள். இயல்பாகக் கருத்தரித்த பெண்களின் செல்கள், தரம் குறைந்த கரு இருந்தபோது நகர்வதைக் குறைத்துக்கொண்டன. அடுத்தடுத்துக் கருச்சிதைவுக்கு ஆளான பெண்களின் செல்களோ தரமான கருவுக்கும் தரம் குறைந்த கருவுக்கும் வேறுபாடு காட்டாமல் நகர்ந்தன. சிறிய சோதனைதான், தட்டில் நடந்ததை உடலில் நடப்பதாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அது திறந்துவிடும் எண்ணம் பெரியது. 'கருவைத் தாங்கத் தெரியாத வயிறு' என்று பழி சுமத்தப்பட்ட பெண்களில் சிலருடைய உட்படலம், எந்தக் கருவையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்வதாலேயே, மற்றவர்களுக்கு யாரும் அறியாமல் முடிந்துபோகிற கர்ப்பங்கள் அவர்களுக்கு எட்டு வாரம், பத்து வாரம் வரை சென்று முடிகின்றன என்று ஆகிறது. ஏற்காததே குறை என்ற நம் கணக்கு அங்கே தலைகீழாகிவிடுகிறது.

மனிதக் கருக்களில் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழைகள் மிகுதி என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நுண்ணோக்கியில் அழகாகத் தெரியும் கருவிலும் அந்தப் பிழை இருக்கலாம். வெளித்தோற்றம் அதைக் காட்டிக்கொடுக்காது. முதல் மூன்று மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதியில் குரோமோசோம் பிழை காணப்படுகிறது. ஆகவே 'கரு நன்றாக இருந்தது' என்ற வாக்கியம், பார்த்த அளவில் நன்றாக இருந்தது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. அதிலிருந்து 'அப்படியானால் குறை உன்னிடம்' என்ற முடிவுக்குப் போவதற்கு அறிவியலில் வழி இல்லை.

புதிய பழியும் வேண்டாம்

இங்கே எனக்கு ஓர் அச்சமும் உண்டு. கருப்பை தேர்ந்தெடுக்கிறது என்பதை நம் வீடுகள் எப்படிக் கேட்டுக்கொள்ளும்? "உன் கருப்பை ரொம்பக் கண்டிப்பு" என்றோ, "உன் கருப்பைக்கு நல்லது கெட்டது தெரியவில்லை" என்றோ ஒரு புதிய குற்றச்சாட்டாக அது மாறுவதற்கு அதிக நேரம் ஆகாது. செல்கள் வேறுபாடு காட்டுவதில் பெண்ணின் விருப்பமோ மனநிலையோ ஒழுக்கமோ இல்லை. அவளுடைய ஈரல் எப்படி இயங்குகிறது என்று நாம் அவளிடம் விளக்கம் கேட்பதில்லை. இதற்கும் கேட்க வேண்டியதில்லை.

உட்படலம் முக்கியம் என்று தெரிந்தவுடன் அதைச் 'சரிசெய்து தருகிறோம்' என்ற சிகிச்சைகளும் பெருகின. கரு வைப்பதற்கு முன் உட்படலத்தை மெல்லச் சுரண்டிவிட்டால் பதியும் வாய்ப்பு கூடும் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 1364 பெண்களிடம் அதைச் சோதித்த ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானது: சுரண்டிய குழுவிலும் சுரண்டாத குழுவிலும் குழந்தை பிறந்த விகிதம் ஒன்றே, 26.1 விழுக்காடு. உட்படலத்தின் மரபணு இயக்கத்தை அளந்து, கரு வைக்க உகந்த நேரத்தைக் குறித்துத் தரும் பரிசோதனையும் 2022-இல் சோதிக்கப்பட்டது. அதன்படி நேரம் குறித்தவர்களில் 58.5 விழுக்காட்டினருக்கும், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. அதாவது, அந்தப் பரிசோதனையால் பயன் கிடைக்கவில்லை. ஒரு யோசனை அழகாக இருப்பதும் அது பலன் தருவதும் வேறு வேறு. ஏற்கெனவே ஏமாந்து களைத்திருக்கும் பெண்ணிடம், நிரூபிக்கப்படாத ஒன்றைப் பணத்துக்கு விற்பதை மருத்துவம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பதியும்போது இரத்தத் துளி தெரியும் என்ற நம்பிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். வில்காக்ஸ் குழுவின் பெண்களிடம் 2003-இல் அதையும் பார்த்தார்கள். தொடக்க இரத்தக் கசிவு சிலருக்கு இருந்தது, ஆனால் அது கரு பதிந்த நாளோடு பொருந்தவில்லை. காத்திருக்கும் அந்த இரண்டு வாரங்களில் துளி தெரிந்தது, தெரியவில்லை என்று பெண்கள் படும் பாட்டுக்கு அடிப்படை இல்லை.

இப்போது ஆய்வு வேறொரு வழியில் செல்கிறது. 2021 இறுதியில் வெளியான ஓர் ஆய்வில், பலவகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்து உருவாக்கப்பட்ட பிளாஸ்டோசிஸ்ட் போன்ற அமைப்புகளை, ஆய்வகத்தில் வளர்த்த உட்படலச் செல்களின் மேல் வைத்து வியன்னாவில் ஒரு குழு பார்த்தது. உட்படலச் செல்களுக்கு ஹார்மோன் தரப்பட்டிருந்தபோது மட்டுமே அவை ஒட்டின, அதுவும் உண்மையான கருவைப் போல உட்திரள் இருக்கும் பக்கமாகவே ஒட்டின. பெண்களின் உடலைத் தொடாமலேயே இந்த நாட்களைப் பார்க்க வழி பிறந்திருப்பதால் ஹெர்டிக், ராக் காலத்து அவலம் திரும்ப வேண்டியதில்லை. என்னுடைய ஆதங்கம் எல்லாம், கருவை ஆராய்வதற்குக் கிடைத்த கவனத்தில் பெரும்பங்கு நெடுங்காலம் உட்படலத்துக்குக் கிடைக்கவில்லை என்பதுதான். கருவுக்குத் தரம் பிரிக்கும் அட்டவணை உலகம் முழுதும் ஆய்வகங்களில் உண்டு. உட்படலத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான பெண்களுக்கு இன்றும் அளந்து சொல்லப்படுவது அல்ட்ராசவுண்டில் தெரியும் அதன் தடிமன், இத்தனை மில்லிமீட்டர் என்பது மட்டுமே.